விருந்தாளி ஏர்கோன்

தாட்சாயினியைப் பற்றி எழுதப் போகிறேன் என்று சொன்னதும் அவள் சிரித்தாள். "என்னைப் பத்தி எழுத என்னா இருக்கு? நான் தூங்குனதையா எழுதப் போறே?" என்று கேட்டாள். ஆமாம், அதைத்தான் எழுதப் போகிறேன். நாற்பத்து நான்கு வயதுப் பெண்ணொருத்தி சொந்த வீட்டில் பகலில் தூங்குவதற்கு எவ்வளவு மல்லுக்கட்ட வேண்டியிருந்தது என்பதை யாராவது எழுதி வைக்கத்தானே வேண்டும்?

என் பெயர் ஃபஸீலா. நானும் தாட்சாவும் கடல் பாலத்துக்கு அக்கரையில், பிறை என்ற ஊரில், ஒரு மின்சில்லுத் தொழிற்சாலையில் ஒரே வரிசையில் நின்று வேலை செய்கிறோம். மாலை ஏழு மணிக்கு உள்ளே போனால் காலை ஏழு மணிக்குத்தான் வெளியே வருவோம். நான்கு இரவு வேலை, இரண்டு நாள் ஓய்வு. உள்ளே தலை முதல் கால் வரை வெள்ளை உடை, கண் மட்டும்தான் வெளியே தெரியும். அங்கே எப்போதும் இருபத்தொரு டிகிரி. ஒரு டிகிரி கூடினால் சில்லு கெட்டுவிடும் என்று சூப்பர்வைசர் ஓடி வருவார். அந்தக் குளிருக்கு ஆகும் கரண்ட் செலவைப் பற்றி அங்கே யாரும் மூக்கால் அழுது நான் பார்த்ததில்லை. அந்தச் சில்லைச் செய்கிற நாங்கள் வீட்டுக்குப் போய் எந்தச் சூட்டில் படுக்கிறோம் என்று யாரும் கேட்டதுமில்லை. இதை நினைத்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

நான் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலைக்குப் பின்னால் ஒரு சந்தில் இருக்கிறேன். கீழ்த்தளம், கெட்டிச் சுவர், பகலிலும் இருட்டு. படுத்தால் தூக்கம் வந்துவிடும். தாட்சாவின் வீடு புலாவ் திக்குஸில் மாடி வைத்த பழைய வீடு. அவளுடைய மாமனார் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து அரசாங்க கிளார்க்காக இருந்து வாங்கியது. இப்போது அதில் மூன்று பேர். தாட்சா, அவள் கணவர் ஸ்ரீகரன், ஸ்ரீகரனின் மூத்த அண்ணன் சிவகுருநாதன், தாட்சாவுக்குப் பெரியத்தான். மகள் தர்ஷிகா கோலாலம்பூரில் படிக்கிறாள். அவள் படிப்புக்குப் பணம் சேர்க்கத்தான் தாட்சா இரவு வேலைக்கே வந்தாள், இரவு வேலைக்குப் படிப்பணம் கூடுதல்.

சிவகுருநாதனும் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். எழுபது வயது, மனைவி இல்லை. மற்ற இரண்டு பேரும் சம்பாதித்தாலும் கரண்ட் பில்லை அவர் பென்ஷனிலிருந்துதான் கட்டுவார். வேறு யாராவது கட்டுகிறேன் என்றால் முகம் சுண்டிவிடும். பில்லைக் கட்டுகிறவர் அவர் என்பதால் எந்த விளக்கு எரிய வேண்டும், எந்தக் காத்தாடி சுற்ற வேண்டும் என்று சொல்கிறவரும் அவர்தான்.

அந்த வீட்டில் அறையைக் குளிரவைக்க ஒரே ஒரு ஏர்கோன் உண்டு. கீழே முன்பக்க அறையில் இருக்கிறது. அது வீட்டு ஆட்களுக்கு அல்ல. மெல்பர்னில் இருக்கும் கடைசித் தம்பி அருணன் வருஷத்துக்கு ஒருமுறை, ஜூலையில், பத்து நாள் வந்து தங்குவார். அவருக்காக மாட்டியது. பதினோரு வருஷமாக வருஷத்தில் பத்து நாள் ஓடுகிற ஏர்கோன் அது. மீதி நாட்களில் அறை பூட்டியிருக்கும். ரிமோட் பிளாஸ்டிக் உறைக்குள். சாவி சாமி அலமாரியில் பிள்ளையார் படத்துக்குப் பின்னால். எங்கள் ஆட்கள் வீட்டிலும் விருந்தாளிக்கென்று பீங்கான் தட்டு எடுத்து வைத்திருப்போம், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் தட்டு இல்லாமல் யாரும் சாகமாட்டார்கள்.

தாட்சா படுப்பது மாடியில், பின்பக்க அறையில். தகரக் கூரை, மேற்கே பார்த்த ஜன்னல். ராத்திரியில் அந்த அறையில் ஒரு கஷ்டமும் இல்லை, ஸ்ரீகரன் நிம்மதியாகக் குறட்டை விடுவார். அவருக்குப் பத்து காவான் என்ற ஊரில் பகல் வேலை. தாட்சா காலை எட்டரைக்கு வந்து படுக்கும்போது கூரை காயத் தொடங்கியிருக்கும். பதினொரு மணிக்குத் தலையணை சுடும். காத்தாடி அந்தச் சூட்டையே திருப்பித் திருப்பி முகத்தில் கொட்டும். ஈரத்துண்டைப் போர்த்திக்கொண்டு, தரையில் தண்ணீர் தெளித்துக்கொண்டு, ஒன்றரை மணி நேரம், இரண்டு மணி நேரம் என்று ஒன்பது வருஷம் அப்படித்தான் தூங்கினாள். ஒரு தடவை முன்பக்க அறையைக் கேட்டுப் பார்த்தாளாம். "பகல்லயா ஏர்கோன்? யாராச்சும் பகல்ல ஏர்கோன் போட்டுத் தூங்குவாங்களா?" என்று சிவகுருநாதன் உண்மையாகவே ஆச்சரியப்பட்டாராம். பகலில் தூங்குகிறவள் சோம்பேறி என்பது அவர் ரத்தத்தில் ஊறிய கணக்கு. அவள் ராத்திரி முழுக்க நின்றது அவர் கண்ணில் படவில்லை, அவர் அப்போது தூங்கிக்கொண்டிருந்தார்.

ஜூலை முதல் வாரத் திங்கட்கிழமை காலை. இரண்டாவது இரவு முடிந்து நாங்கள் பாலத்தில் வந்துகொண்டிருந்தோம். மோட்டார் சைக்கிளை அவள் ஓட்டுகிறாள், நான் பின்னால். இடது ஓரத்தில் மோட்டார் போகிற பாதை. பக்கத்தில் லாரிகள் உறுமிக்கொண்டு போகின்றன. கடல் காற்று நன்றாகத்தான் இருந்தது. திடீரென்று வண்டி மெல்ல மெல்லத் தடுப்புச் சுவர் பக்கம் சாய்வது எனக்குத் தெரிந்தது. ஏதோ பள்ளத்தைத் தவிர்க்கிறாள் என்று நினைத்தேன். பள்ளம் எதுவும் இல்லை. "தாட்சா!" என்று கத்தி அவள் முதுகில் ஓங்கி அறைந்தேன். கைப்பிடி சுவரில் உரசிக் கிறீச்சிட்டது. எப்படியோ நிமிர்த்தி ஓரமாக நிறுத்தினாள்.

ஹெல்மெட்டைக் கழற்றாமலே சொன்னாள். "ஃபஸீலா, நான் தூங்கிட்டேன்டி. கண்ணைத் திறந்துகிட்டே தூங்கிட்டேன்."

எனக்குப் பயத்தைவிடக் கோபம்தான் அதிகம் வந்தது. "நீ செத்தா உன் பெரியத்தானுக்குக் கரண்ட் பில் மிச்சம் லா! என்னை ஏன் சேர்த்துக் கூட்டிட்டுப் போறே?" என்று அந்த நடுப்பாலத்தில் கத்தினேன். அவள் அழவில்லை. இறங்கிக் கீழே கடலைப் பார்த்தாள். பிறகு சாவியை என் கையில் கொடுத்தாள். அன்றிலிருந்து வண்டியை நான்தான் ஓட்டுகிறேன். மாலையில் அவள் வீட்டுக்குப் பஸ்ஸில் போய், அங்கிருந்து இருவரும் கிளம்புவோம்.

அன்று வீட்டுக்குப் போனவள் நேராகச் சாமி அலமாரிக்குப் போனாள். பிள்ளையாரைக் கும்பிட்டுவிட்டுச் சாவியை எடுத்தாள். முன்பக்க அறையைத் திறந்து, ரிமோட்டின் உறையைக் கிழித்து, இருபத்து நான்கில் வைத்துப் படுத்தாள். கோவில் கமிட்டிக் கூட்டத்துக்குப் போயிருந்த சிவகுருநாதன் பதினொரு மணிக்குத் திரும்பினார். வெளிச்சுவரில் ஏர்கோன் பெட்டி உறுமுகிற சத்தம் கேட்டு, அருணன் சொல்லாமல் கொள்ளாமல் வந்துவிட்டானோ என்று ஒரு நிமிஷம் சந்தோஷப்பட்டாராம். பிறகு வாசலில் அவள் செருப்பைப் பார்த்தார். கதவைத் தட்டவில்லை. மாடிப்படிக்குக் கீழே இருந்த சுவிட்சுப் பெட்டியைத் திறந்து ஏர்கோன் சுவிட்சைக் கீழே தள்ளிவிட்டுத் தன் நாற்காலியில் போய் உட்கார்ந்து பேப்பர் படித்தார்.

வேர்த்து எழுந்து வந்தவள் சுவிட்சை மேலே தள்ளினாள்.

"கரண்ட் பில் எகிறிடும் தாட்சா," என்றார் பேப்பரை இறக்காமல்.

"நான் கட்டுறேன் பெரியத்தான்."

"இந்த வீட்டுல பில் கட்ட நான் இருக்கேன்."

"அப்ப கட்டுங்க. இன்னைக்கு நான் பாலத்துல மோட்டர் ஓட்டிக்கிட்டே தூங்கிட்டேன். ஃபஸீலா அடிச்சு எழுப்பலன்னா ரெண்டு பேரும் போயிருப்போம்." அவர் பேப்பரை இறக்கினார். அவள் நிறுத்தவில்லை. "இன்னொரு தடவை நீங்க இந்தச் சுவிட்சைத் தொட்டீங்கன்னா, நான் கூடத்துல, உங்க நாற்காலிக்குப் பக்கத்துல பாயைப் போட்டுப் படுத்துருவேன். கோவில் கமிட்டி ஆளுங்க வரட்டும், பார்க்கட்டும். இந்த வீட்டுல மருமகளுக்குத் தூங்க இடம் இல்லன்னு நானே வாசல் வரைக்கும் வந்து சொல்றேன்."

அதற்கப்புறம் அவர் சுவிட்சுப் பெட்டி பக்கமே போகவில்லை. ஊர் என்ன சொல்லும் என்பதற்கு முன்னால் கரண்ட் பில் எல்லாம் எம்மாத்திரம்!

அன்று சாயங்காலம் ஸ்ரீகரன் வேலை முடிந்து வந்தார். அண்ணன் முன்னால் வாயைத் திறக்காத மனிதர் அவர். நல்லவர்தான், ஆனால் அவருடைய மௌனத்தை நினைத்து எனக்குப் பல நாள் எரிச்சல் வந்திருக்கிறது. அன்றைக்கும் அவர் எதுவும் பேசவில்லை. மாடிக்குப் போய் தாட்சாவின் தலையணையையும் துணிப் பெட்டியையும் தூக்கிவந்து, அண்ணனைக் கடந்து, முன்பக்க அறையில் வைத்துவிட்டுக் குளிக்கப் போய்விட்டார்.

சிவகுருநாதன் கடைசியாக ஒரு நம்பிக்கை வைத்திருந்தார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அருணன் வருகிறார். தம்பி வந்தால் அறையைக் காலி செய்துதானே ஆக வேண்டும்? வாரம் முழுக்க இதையே வெவ்வேறு விதமாகச் சொல்லிப் பார்த்தார். அவளும் ஒரே பதிலைச் சொன்னாள். "ஞாயித்துக்கிழமையும் எனக்குப் பகல்லதான் தூக்கம் வரும்."

ஞாயிறு காலை அவளையும் வண்டியையும் வாசலில் விட்டுவிட்டு நான் பஸ்ஸில் என் வீட்டுக்குப் போனேன். அவள் உள்ளே போனபோது அருணன் கூடத்தில் பெட்டியோடு உட்கார்ந்திருந்தார். விமான நிலையத்திலிருந்து அப்போதுதான் வந்திருந்தார்.

"தாட்சா, அருணன் வந்துட்டான். ரூமைக் கொஞ்சம் ஒதுக்கிக் குடும்மா," என்றார் பெரியவர், தம்பி முன்னால் குரலைத் தேனாக்கிக்கொண்டு.

"வாங்க அருணன், நல்லா இருக்கீங்களா? ஃபிளாஸ்க்ல டீ இருக்கு, இட்டலி மேசையில இருக்கு. நான் ராத்திரியெல்லாம் நின்னுட்டு வர்றேன், தூங்கப் போறேன். சாயங்காலம் பேசுவோம்." உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டாள்.

பெரியவருக்கு அவமானம் தாங்கவில்லை. தம்பியிடம் மன்னிப்புக் கேட்பதுபோல ஏதோ தொடங்கினார். அருணன் குறுக்கிட்டார். அவர் சொன்னதைக் கதவுக்குப் பின்னால் படுத்திருந்த தாட்சா ஒரு வார்த்தை விடாமல் கேட்டாள்.

"பெரியண்ணே, எனக்கு ஏர்கோனே வேணாம். அங்க இப்ப குளிர்காலம். ஹீட்டர் செலவு கட்டுப்படி ஆகல. வீடு முழுக்க ஹீட்டர் போட்ட காலம் எல்லாம் போயிருச்சு. ஒரே ஒரு ரூம்ல ராத்திரி ரெண்டு மணி நேரம் போடுவோம், எல்லாரும் அதுலயே உக்காந்துக்குவோம். அப்புறம் அமத்திட்டு ஜாக்கெட்டோட படுத்துக்குவோம். சூடு கிடைக்கும்னுதான் நான் ஜூலை மாசம் பார்த்து இங்க ஓடி வர்றேன். நீங்க என்னடான்னா வந்ததும் என்னை அந்த ஐஸ் பெட்டிக்குள்ள தள்ளிடுறீங்க. அண்ணன் ஆசையா மாட்டுனதுன்னு பேசாம ரெண்டு போர்வை போத்திக்கிட்டுத் தூங்குவேன்."

பதினோரு வருஷம்! தம்பிக்குப் பிடிக்கும் என்று அண்ணனும், அண்ணன் மனம் நோகும் என்று தம்பியும். கேட்டிருந்தால் ஒரு நிமிஷத்தில் தெரிந்திருக்கும். இந்தக் குடும்பத்தில் யாரும் யாரிடமும் எதையும் கேட்கமாட்டார்கள், எல்லோரும் மரியாதையாகக் கஷ்டப்படுவார்கள். தாட்சா தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு சிரித்தாளாம்.

பெரியவர் என்ன செய்தார் தெரியுமா? சந்தோஷப்பட்டார். "அப்ப அந்த ஏர்கோனே தேவையில்லையே! கழட்டி வித்துடலாம் லா!" என்றாராம். இதைக் கேட்டதும் தாட்சாவுக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. எழுந்து தாழ்ப்பாளை ஒரு தடவை இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் தூங்கினாள்.

அருணன் மாடி அறையைக் கேட்டு வாங்கிக்கொண்டார். மத்தியானம் மீன் குழம்பும் சோறும் வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு, "நல்லா சூடா ஒரு தூக்கம் போடுறேன்" என்று மேலே போனார்.

அன்று எங்களுக்கு மூன்றாவது இரவு வேலை. ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸை நம்ப முடியாது என்று சீக்கிரமே கிளம்பினேன். நான் அவர்கள் வீட்டுக்குப் போனபோது மூன்று மணிகூட ஆகவில்லை. பெரியவர் நாற்காலியில், ஸ்ரீகரன் வாசல் பக்கம். எனக்கு டீ ஊற்றிக் கொடுத்தார்கள். கோப்பையை வாயில் வைக்கும்போது படியில் காலடிச் சத்தம் கேட்டது.

அருணன் இறங்கி வந்தார். முகம் சிவந்து வீங்கியிருந்தது. சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. கடைசிப் படியில் உட்கார்ந்து தண்ணீர் கேட்டார், ஒரு மூச்சில் இரண்டு கிளாஸ் குடித்தார். மேலே போய் அரை மணி நேரம்தான் ஆகியிருந்தது.

"பெரியண்ணே, அண்ணி பகல்ல அந்த ரூம்லயா தூங்குனாங்க?"

பெரியவர் பேப்பரை எடுத்தார்.

"எத்தனை வருஷமா?"

அவர் அதை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார்.

"ஒன்பது வருஷம்," என்றார் வாசல் பக்கமிருந்து ஸ்ரீகரன். அண்ணனைப் பார்த்துத்தான் சொன்னார். அந்த மனிதருடைய குரலை அவ்வளவு சத்தமாக நான் அதற்கு முன் கேட்டதில்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது, மறைக்க டீயைக் குடித்தேன். பெரியவர் எழுந்துபோய் மாடிப்படியின் கீழே நின்று, மேலே பார்த்தார். ஏறலாமா வேண்டாமா என்று யோசித்தவர்போல ஒரு படியில் கால் வைத்தார். சூடு அங்கேயே முகத்தில் அடித்திருக்கும். காலை எடுத்துவிட்டுத் திரும்பி வந்து உட்கார்ந்தார்.

நான்கு மணிக்குத் தாட்சா அறையிலிருந்து வந்தாள். ஏழு மணி நேரம் தூங்கியிருந்தாள். கன்னத்தில் தலையணை மடிப்பு பதிந்திருந்தது. இத்தனை வருஷப் பழக்கத்தில் கண்ணுக்குக் கீழே கருப்பு இல்லாமல் நான் அவளைப் பார்த்தது அந்த வாரம்தான்.

பெரியவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். நல்ல மனதோடுதான் சொன்னார், அதை நான் மறுக்கமாட்டேன்.

"தாட்சா, நான் நல்லா யோசிச்சுப் பார்த்தேன். அந்த ரூமை நீயே வெச்சுக்கம்மா. உனக்குக் குடுத்துடறேன்."

தாட்சா கூந்தலை முடிந்துகொண்டே அவரைப் பார்த்தாள்.

"நீங்க குடுக்க வேணாம் பெரியத்தான்," என்றாள். "நான் எடுத்து ஒரு வாரம் ஆச்சு."