ஆச்சுங்க என்று சொன்னவனுக்கு வந்த சோறு

இதை எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். பாதி சோம்பேறித்தனம், பாதி வெட்கம். சபையில் நான் சாட்சி சொல்ல எழுந்தாலே, வாயைத் திறப்பதற்கு முன்பே பாடகர் குழுப் பையன்கள் சிரிக்க ஆரம்பித்துவிடுவார்கள். அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. கிறிஸ்துமஸ் நாடகத்தில் ஏரோது ராஜாவாக வந்து, வசனம் மறந்துபோய், மேய்ப்பர்களிடம் பீடி கேட்டவன் நான். போதகர் ஐயாதான் விடவில்லை. "எபி, நீ பேசுனாச் சிரிப்பாங்க. எழுதிக் குடு" என்றார். எட்டாவதோடு நின்றவன் எழுதியது. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள், சிரிப்பு வந்தால் சிரித்துக்கொள்ளுங்கள். ஆனால் கடைசிவரை படித்துவிடுங்கள்.

தொண்ணூற்று நான்காம் வருடம் என் அம்மா இறந்துபோனாள். சிங்காநல்லூரில் எங்கள் வீட்டில் அப்பாவும் நானும் மட்டும் மிஞ்சினோம். அப்பா மில்லுக்குப் போவார். நான் லேத் பட்டறைக்குப் போவேன். சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் அவர் கேட்பார், "சாப்புட்டியா சாமி?" "ஆச்சுங்கப்பா. நீங்க?" "ஆச்சு." அடுப்பைப் பார்த்தால் காலையிலிருந்து பற்றவைத்த அடையாளமே இருக்காது. இரண்டு பேரும் பட்டினியாகப் படுத்துக்கொள்வோம். அம்மாவைப் பற்றி ஒரு வார்த்தை பேச மாட்டோம். நான் வேறு, ஊரில் யார் துக்கம் விசாரிக்க வந்தாலும் ஏதாவது கேலி பேசி அனுப்பிவிடுவேன். அழுதுவிடக்கூடாதே.

அந்தச் சமயத்தில் மேட்டுப்பாளையம் பஸ்ஸில் ஒரு வெள்ளைக்காரப் பையனைப் பார்த்தேன். என் வயதுதான் இருக்கும். முதுகில் அவன் உயரத்துக்கு ஒரு பை. தனியாக ஒரு வருடமாக இந்தியா முழுக்கச் சுற்றுகிறானாம். எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் விசாரித்தேன், அவனுக்குப் புரிந்த அளவுக்குச் சொன்னான். அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன். எங்கேயோ இருந்து வந்தவன் நம் நாட்டைச் சுற்றும்போது, நமக்கென்ன கேடு? உண்மையைச் சொன்னால் நாடு பார்க்கும் ஆசை கொஞ்சம்தான். அந்த வீட்டில் இருக்க முடியவில்லை.

அடுத்த வருடம் ஈஸ்டர் முடிந்ததும் கிளம்பினேன். அப்பா தடுக்கவில்லை. "போய்ட்டு வா சாமி. உன்ற மனசு ஆறட்டும்" என்றார். அவர் மனசு எங்கே ஆறும் என்று நான் கேட்கவில்லை.

முதல் சில மாதம் ஜாலிதான். ரயிலில் எப்போதும் ரிசர்வேஷன் இல்லாத பெட்டி. கழிப்பறை வாசலில் பையைத் தலைக்கு வைத்து உறக்கம். தர்மசாலைகளில் தங்கினேன். ஓட்டல்களில் தட்டுக் கழுவிச் சாப்பிட்டேன். ஒரு ஊரில் லேத் வேலைகூடக் கிடைத்தது. சீக்கியர்களின் குருத்வாராக்களில் வயிறாரச் சாப்பிட்டிருக்கிறேன். அங்கே எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம், சாப்பிட்டாயா என்று யாரும் கேட்பதில்லை. உட்கார்ந்தால் ரொட்டி விழும். கேட்டிருந்தால் நான் "ஆச்சுங்க" என்று சொல்லி எழுந்திருப்பேன். நம் ஊர்ப் பழக்கம் தெரியுமல்லவா? பசியில் கண் இருண்டாலும் முதல் தடவை கேட்டால் ஆச்சு என்றுதான் சொல்ல வேண்டும். இல்லை என்று சொல்பவன் மரியாதை தெரியாதவன்.

போகப்போகத்தான் தெரிந்தது. வழியில் பார்த்த வெள்ளைக்காரர்களும் என்னைப் போலவே காசில்லை, காசில்லை என்று சிரித்துக்கொண்டு வாழைப்பழம் தின்றார்கள். ஆனால் அவர்கள் பெல்ட்டுக்குள் ஊருக்குத் திரும்பும் டிக்கெட் இருந்தது. அவர்களுக்குக் காசில்லாமல் இருப்பது ஒரு விளையாட்டு. எனக்கு அது நிஜம்.

காசைவிடப் பெரிய கஷ்டம் ஒன்று உண்டு. கேலி செய்ய ஆள் இல்லை. கேலிக்குப் பாஷை வேண்டும். என் இந்தியில் டீ கேட்கலாம், கிண்டல் பண்ண முடியாது. நாள்கணக்கில் வாயைத் திறக்காமல் இருந்தேன். பேச்சு நின்றதும் அம்மா வந்துவிட்டாள். ஒவ்வொரு ஊரிலும் வந்தாள். அந்தக் கிறிஸ்துமஸுக்கு முன்பின் தெரியாத ஊரில் ஒரு கோயிலுக்குள் போய்க் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தேன். பாட்டு நமக்குத் தெரிந்த மெட்டு, வார்த்தை தெரியவில்லை. எல்லாரும் கைகுலுக்கிக்கொண்டு அவரவர் வீட்டுக்குப் போனார்கள். நான் படியில் உட்கார்ந்து அழுதேன். அம்மாவை அடக்கம் பண்ணின அன்றைக்கு வராத அழுகை.

அப்போதும் ஜெபம் பண்ணினேன். எப்படி? "ஆண்டவரே, ஸ்தோத்திரம். எல்லாம் நல்லாத்தான் இருக்குது. ஆமென்." அவ்வளவுதான்.

மறுவருடம் வெயில் ஏறின சமயம். ரயிலில் தூங்கும்போது என் பை போய்விட்டது. காசு, துணி, அம்மாவின் போட்டோ எல்லாம் அதற்குள். நாக்பூருக்கு வடக்கே ஒரு சின்ன ஊரில் இறங்கினேன். உடம்பு வேறு நெருப்பாகக் கொதித்தது. சட்டைப் பையில் மிச்சமிருந்த காசை வைத்துக்கொண்டு ஒரு எஸ்.டி.டி. பூத்துக்குள் நுழைந்தேன். எங்கள் வீட்டுக்குப் பக்கத்து மளிகைக் கடையில்தான் போன் இருந்தது. அங்கே கூப்பிட்டால் என் சினேகிதன் மூர்த்தியை வரச் சொல்வார்கள். அப்போது தறி ஓட்டிக்கொண்டிருந்தவன். எதிர் வீடு.

மூர்த்தி போனை எடுத்ததும், "என்னடா, பொண்ணு கிண்ணு பாத்துட்டியா எனக்கு?" என்றேன். பழக்கதோஷம்.

அவன் சிரிக்கவில்லை. "எபி, எங்கடா இருக்கற நீ? எந்த விலாசத்துக்குத்தான்டா தந்தி குடுக்கறது? உங்கப்பனுக்குக் கை கால் உழுந்துபோச்சு. பேச்சு இல்ல. டாக்டர் ஒண்ணும் சொல்ல மாட்டேங்கறாரு. வந்துருடா…"

மீட்டரில் காசு முடிந்து லைன் அறுந்தது.

ஒரு வருடம் எனக்கு விலாசமே இல்லாமல் இருந்திருக்கிறது. அதைத்தான் சுதந்திரம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

கையில் ஒன்றும் இல்லை. ரோட்டுக்கு வந்தேன். பக்கத்தில் மாநில எல்லைச் செக்போஸ்ட். லாரிகள் வரிசையாக நின்றன. சைகை காட்டிக் கேட்டேன். ஒருவன் காசு கேட்டான், ஒருவன் கையை ஆட்டிப் போகச் சொன்னான். சோறு கண்டு இரண்டு நாள் ஆகியிருந்தது. ஒரு வேப்பமர நிழலில் உட்கார்ந்து ஜெபித்தேன். "ஆண்டவரே, ஸ்தோத்திரம். அப்பா முகத்தை ஒருக்காப் பார்க்கோணும். தமிழ் பேசற ஒரே ஒரு ஆளை அனுப்பி வை."

நம்பினால் நம்புங்கள். ஜெபித்துக் கண்ணைத் திறந்து சற்று நேரத்துக்கெல்லாம் தமிழ்நாட்டு நம்பர் போட்ட லாரி ஒன்று வந்து வரிசையில் கடைசியாக நின்றது. முன்னால் எலுமிச்சம்பழமும் மிளகாயும் தொங்கின. சங்ககிரி என்று எழுதியிருந்தது. டிரைவர் இறங்கினார். நாற்பது, நாற்பத்தைந்து வயது. துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே என்னைப் பார்த்தார்.

"ஏனுங் தம்பி, மூஞ்சியப் பாத்தா நம்மூருப் பக்கமாட்டத் தெரியுது?"

"ஆமாங்ணா. கோயமுத்தூருங்ணா. சிங்காநல்லூரு."

"அட! இங்கென்னுங் பண்றீங்க?"

சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அதற்குள் அவர் கேட்டுவிட்டார், "சாப்புட்டீங்களா?"

"ஆச்சுங்ணா."

அதுவாகவே வந்துவிட்டது. அதோடு நின்றதா? பல்லைக் காட்டிக்கொண்டு, "வகுறு ரொம்பிக் கெடக்குதுங்ணா. சும்மா ஊரு சுத்திப் பாக்க வந்தனுங்க. காந்தி நடந்தாரு, நான் உக்காந்து பாக்கறேன்" என்றேன். அவர் விழுந்து விழுந்து சிரித்தார். "செரிங் தம்பி, சூதானமாப் போங்க" என்று ஏறிக்கொண்டார். வரிசை நகர்ந்தது. லாரி முன்னால் போய்விட்டது.

வயிறு நிறைந்திருக்கிறது என்று சிரித்துவிட்ட பிறகு, "எங்கப்பா சாகக் கெடக்கறாருங்ணா" என்பதை எந்த இடத்தில் ஆரம்பிப்பது? கத்திக் கூப்பிடத் தெம்பும் இல்லை.

கேட்ட ஆளைத் தேவன் அனுப்பினார். நான் மரியாதையாக வழியனுப்பி வைத்தேன். மண்ணில் குப்புறப் படுத்து அழுதேன். அன்றைக்குத்தான் என் வாழ்க்கையில் முதல் முறையாக ஸ்தோத்திரம் சொல்லாமல் ஜெபித்தேன். "ஆண்டவரே, எனக்குப் பசிக்குது. எங்கம்மா செத்துப்போச்சு, என்னால தாங்க முடியல. எங்கப்பனும் போயிருவாரு. எனக்கு ஒண்ணும் நல்லா இல்ல. இன்னொருக்காக் கேளுங்க. இந்தத் தடவை நெசத்தச் சொல்றேன்."

எவ்வளவு நேரம் கிடந்தேனோ. தலைக்கு மேல் நிழல் விழுந்தது. அதே டிரைவர். லாரியைச் செக்போஸ்ட்டில் நிறுத்திவிட்டு வெயிலில் நடந்து வந்திருக்கிறார். கையில் ஒரு தூக்குப்போசி, அதில் சோறு.

"ஏனுங் தம்பி, ஆச்சுன்னு சொன்னீங்களே, எப்பங்க ஆச்சு? நேத்தா, முந்தாநேத்தா?"

நான் எழுந்து உட்கார்ந்தேன். வாயில் மண்.

"வடக்கத்தியான் ஆச்சுன்னா ஆச்சு. நம்மூர்க்காரன் மொத வாட்டி ஆச்சுன்னா ஒலைய வெக்கோணும்னு அர்த்தம். லாரி ஓட்டி ஓட்டி அதுகூட மறந்துபோட்டேன் பாருங்க. அங்க அடுப்பைப் பத்தவெக்கறப்பத்தான் சுருக்குனுச்சு. சொல்லுங்க, சாப்புட்டீங்களா?"

"இல்லைங்ணா" என்றேன்.

அந்த ஒரு வார்த்தை வெளியே வந்ததும் மற்றதெல்லாம் பின்னாலேயே வந்துவிட்டது. அப்பா, அம்மா, பை, காய்ச்சல் எல்லாம். சோற்றைப் பிசைந்துகொண்டே அழுதேன். வெறும் ரசஞ்சோறு. அவர் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, "அழுவாத கண்ணு, மொதல்ல உண்ணு. நம்ம லாரி சங்ககிரிதான் போவுது. பருப்பு லோடு. ஏறிக்க" என்றார்.

வழியெல்லாம் மாத்திரை வாங்கிக் கொடுத்துக் கூட்டி வந்தார். பெயர் பழனிசாமி. லாரிக்குள் முருகர் படம் வைத்துக் கும்பிடுகிறவர். என் ஜெபத்தைப் பற்றிச் சொன்னதற்கு, "யாரு அனுப்புச்சா என்ன கண்ணு, நடந்து வந்தது என்ற காலு" என்று சிரித்தார். சபையில் சிலருக்கு இது பிடிக்காமல் போகலாம். நான் என்ன செய்வது, நடந்ததைத்தானே எழுத முடியும்? அந்தக் கால்களை யார் திருப்பினார் என்று எனக்குத் தெரியும்.

வழியில் ஒவ்வொரு ஊரிலும் எனக்கு ஒரே பயம். அப்பா இருப்பாரா? சங்ககிரியில் பஸ் ஏற்றிவிட்டு, டிக்கெட்டையும் அவரே எடுத்துக் கொடுத்தார்.

வீட்டுக்குள் நுழையும்போது காலை நேரம். அப்பா கட்டிலில் இருந்தார். உயிரோடு இருந்தார். முகத்தில் ஒரு பக்கம் இறங்கிவிட்டிருந்தது. மூர்த்தி பக்கத்தில் உட்கார்ந்து அவர் வாயைத் துடைத்துக்கொண்டிருந்தான். இத்தனை நாளும் அவன்தான் கூட இருந்து பார்த்துக்கொண்டிருக்கிறான். அப்பா என்னைப் பார்த்தார். ஒரு கண்ணிலிருந்து மட்டும் தண்ணீர் வந்தது.

கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தேன். "சாப்புட்டீங்களாப்பா?" என்றேன்.

அவர் மெதுவாகத் தலையை ஆட்டினார். இல்லை என்று.

மூர்த்தி பதறிப்போனான். "ஏனுங் மாமா, பொய் சொல்றீங்க? இப்பத்தானே ரெண்டு இட்லி ஊட்டி உட்டேன்!"

அப்பா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குப் புரிந்தது. தட்டில் ஒரு இட்லி எடுத்து வந்து பிட்டு ஊட்டினேன். வயிற்றில் இடமில்லாத மனுஷன், கடைசி வாய்வரை மென்று விழுங்கினார்.

மழைக்காலம்வரை இருந்தார். பேச்சு திரும்பவில்லை. அப்பா குணமாக வேண்டும் என்றும் ஜெபித்தேன், அது கிடைக்கவில்லை. அதை மறைத்து எழுத எனக்கு மனசு வரவில்லை. இன்றைக்கும் நெஞ்சு வலிக்கிறது. ஆனால் முகத்தைப் பார்க்க வேண்டும் என்று கேட்டேன். முகத்தைக் காட்டி, அதற்கு மேல் சில மாதங்களும் கொடுத்தார். அந்த மாதங்களில் அப்பாவுக்கு மூன்று வேளையும் நான்தான் ஊட்டினேன். அம்மாவைப் பற்றி அவரிடம் நாளெல்லாம் பேசினேன். அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். இரண்டு பேரும் அழுதோம். இப்போது பழைய லேத் பட்டறைக்கே போகிறேன். கேலி பேசுவதை விடவில்லை. துக்கத்தை மூடுவதற்குக் கேலி பேசுவதை விட்டுவிட்டேன்.

சகோதரர்களே, சகோதரிகளே, நாம் ஞாயிற்றுக்கிழமை வெள்ளைச் சட்டை போட்டு வந்து, ஆண்டவர் எப்படி இருக்கிறாய் என்று கேட்டால், ஆச்சுங்க, எல்லாம் நல்லா இருக்குதுங்க என்று சொல்லிவிட்டுப் போகிறோம். அவர் இன்னொரு முறை கேட்கிறவர். வெயிலில் நடந்து வந்து கேட்கிறவர். அவரிடம் மரியாதை பார்க்காதீர்கள். இல்லைங்க என்று சொல்லுங்கள். ஒரு தடவை சொல்லிப் பாருங்கள்.

எழுதியதை மூர்த்தியிடம் படிக்கக் கொடுத்தேன். அவனுக்குச் சாமியும் கிடையாது, சபையும் கிடையாது. தறி நின்று வேலை போன பிறகு, குழந்தையைத் தூக்கிக்கொண்டு பவானிக்கு அம்மா வீட்டுக்குப் போன அவன் மனைவி இன்னும் திரும்பவில்லை. ஜெபிக்கட்டுமா என்று எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். "எனக்கென்னடா கொறச்சல், நல்லாத்தான் இருக்கேன்" என்று கையை உதறிவிடுவான். முழுவதும் படித்தான். நான் கிண்டலுக்குத் தயாராக இருந்தேன். தாளை மடித்து என் கையில் கொடுத்துவிட்டு, முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு சொன்னான்:

"எனக்கும் சேத்துக் கேளுடா."