பெரட்டுக்களத்தின் நான்கு பாகை

என் மேசை இழுப்பறையில் ஒரு பாகைமானி கிடக்கிறது. பிளாஸ்டிக் மஞ்சளாகிவிட்டது, இலக்கங்களில் பாதி அழிந்துவிட்டன. நடுவிலுள்ள துளையில் ஒரு கறுப்பு நூல் கட்டியிருக்கும். நூலின் மறுமுனையில் துருப்பிடித்த ஓர் இரும்பு நட்டு தொங்கும். ஆசிரியர் அறையில் இதைப் பார்ப்பவர்கள் ஏதோ மந்திரித்த சாமான் என்று நினைத்துக்கொண்டு என்னிடம் கொஞ்சம் மரியாதையாகவே நடந்துகொள்கிறார்கள். நானும் மறுப்பதில்லை. எனக்குக் கிடைக்கிற மரியாதையே கொஞ்சம். நான் தமிழாசிரியன். எங்கள் கணக்கு ஆசிரியர் மாற்றலாகிப் போனபோது, பள்ளி அதிபர் என் தோளில் கைவைத்து, "கொஞ்ச நாளைக்கு நீங்க பாத்துக்குங்க சார்" என்றார். அந்தக் கொஞ்ச நாளுக்கு இப்போது ஒரு வயது தாண்டிவிட்டது. பதினோராம் வகுப்புக்குக் கணக்குப் பாடம் உள்ள நாட்களில் காலையிலேயே வயிற்றெரிச்சல் மாத்திரை ஒன்றைப் போட்டுக்கொண்டுதான் பஸ் ஏறுகிறேன். கரும்பலகையில் முதல் வரியை மிக அழகான கையெழுத்தில், மிக மெதுவாக எழுதுவேன். இரண்டாவது வரி என்னவென்று யாராவது பிள்ளை சொல்லிவிடாதா என்ற நப்பாசைதான்.

அந்த நூலைக் கட்டியவள் என் தங்கச்சி. என்னைவிட ஒரு வயது இளையவள். ஆனாலும் நாங்கள் ஒரே வகுப்பில் படித்தோம். அவள் ஒரு வகுப்புத் தாண்டி மேலே வந்துவிட்டாள் என்று சின்ன வயதில் ஊரெல்லாம் சொல்லித் திரிந்தேன். உண்மை என்னவென்றால், எட்டாம் வகுப்பில் நான் நின்ற இடத்திலேயே நின்றேன், அவள் நடந்து வந்து சேர்ந்தாள். நமுனுகுல மலைக்குக் கீழே இருந்த எங்கள் தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர்கள் வரிசை வீடுகளில் குடியிருக்கிற லயத்துக்கும் பள்ளிக்கும் நடுவே ஒரு பீலி உண்டு. மலைத்தண்ணீர் குழாய் வழியே வந்து கொட்டும் இடம். காலையில் அந்தப் பீலிக்கரைக் கல்லில் தங்கச்சி தன் கொப்பியை விரித்து வைப்பாள். நாங்கள் பத்துப் பேர் வீட்டுப்பாடத்தைப் பார்த்து எழுதுவோம். அதற்கு அவள் வைத்திருந்த விதி ஒன்றே ஒன்று: எழுதுகிறவன் ஏதாவது ஒரு படி ஏன் அப்படி வந்தது என்று சொல்லியாக வேண்டும். முந்தி வருகிறவர்கள் சுலபமான படிகளை ஆளுக்கொன்றாகச் சொல்லித் தப்பித்துவிடுவார்கள். நான் எப்போதும் கடைசியாக வருவேன், கடைசிப் படிதான் மிச்சமிருக்கும். "விடை வந்துட்டதால வந்துச்சு" என்பேன். "அண்ணே, நீ மனுசனா, பிரதி எடுக்கிற மிசினா?" என்பாள்.

மிஷின்தான். ஒருநாள் கணக்கின் ஓரத்தில் அவள், 'அம்மா கூடைக்குக் கயிறு' என்று ஞாபகத்துக்காகக் குறித்து வைத்திருந்தாள். நான் அதையும் நான்காவது படியாக எழுதிக் கொடுத்துவிட்டேன். எங்கள் கணக்கு சார் யாழ்ப்பாணத்துக்காரர். பதுளையில் அறை எடுத்துத் தங்கி, காலை பஸ்ஸில் வருவார். சட்டையில் ஒரு மடிப்புக் கலையாது, கோபத்திலும் குரல் உயராது. என் கொப்பியை நிதானமாகப் படித்துவிட்டு, "தம்பி, இந்தக் கயிறு எந்தச் சமன்பாட்டில இருந்து வந்தது?" என்று கேட்டார். நான் அழகாக வியர்த்தேன். நல்ல மனுஷன் அவர், அதைச் சொல்லியாக வேண்டும். எங்கள் தோட்டத்துக்கு விரும்பி வந்தவர்கள் குறைவு, வந்தபின் ஒழுங்காகப் பாடம் நடத்தியவர்கள் அதிலும் குறைவு. இனிச் சொல்லப்போவதில் அவருக்கு வில்லன் வேஷம் இல்லை.

பத்தாம் வகுப்பின் கடைசித் தவணை அது. பதுளையில் நடந்த சனிக்கிழமைக் கணக்கு வகுப்பொன்றில் எங்கள் பள்ளிக்காக ஓர் இடம், ஒரே ஓர் இடம், சார் கேட்டு வாங்கியிருந்தார். தவணைப் பரீட்சையில் முதலாவதாக வருகிறவருக்கு அது. தங்கச்சி அந்த இடத்துக்கு ஆசைப்பட்டாள் என்றால் போதாது. சாப்பிடும்போதும் அவள் விரல் தட்டில் முக்கோணம் போட்டுக்கொண்டிருந்தது. தோட்டத்தை விட்டுப் படிப்பின் வழியாக வெளியேற அவளுக்குத் தெரிந்த கதவு அது ஒன்றுதான். பரீட்சையில் ஒரு கேள்வி வந்தது. நிலத்தில் நிலைக்குத்தாக ஒரு கம்பம் நிற்கிறது. அதன் அடியிலிருந்து இருபது மீற்றர் தூரத்தில் ஒருவர் நிற்கிறார். அவருக்குக் கம்ப உச்சியின் ஏற்றக்கோணம் நாற்பத்தைந்து பாகை. கம்பத்தின் உயரம் என்ன? என்னைப் போன்றவனுக்கென்றே கடவுள் இறக்கிவைத்த கேள்வி. நாற்பத்தைந்து என்றால் தூரமும் உயரமும் சமம், இருபது. வாழ்க்கையில் முதல் தடவையாக யாரையும் பார்க்காமல் ஒரு விடை எழுதினேன். அது சரியாகவும் இருந்தது. தங்கச்சியின் விடை பதினாறு தசம் இரண்டு. சார் அதற்கு முட்டை போட்டிருந்தார். அந்தப் பத்துப் புள்ளி போனதில் அவளுக்கு எண்பத்தாறு, தோட்டத்துக் கிளாக்கர் மகனுக்கு எண்பத்தொன்பது. இடம் அவனுக்கு.

தங்கச்சியின் விடைத்தாளை வாங்கிப் பார்த்தேன். கம்பம் நேராக நின்றது. நிலம்தான் சரிந்து கிடந்தது. பக்கத்தில் சின்ன எழுத்தில், 'எங்கள் லயத்து வாசல் சரிவு 10 பாகை' என்று குறித்திருந்தாள். கீழே நிற்கிறவன் அண்ணாந்து பார்க்கிற உயரத்தில் கொஞ்சம் மண்ணுக்குச் சொந்தம், மிச்சம்தான் கம்பத்துக்குச் சொந்தம் என்று பிரித்து, மண்ணின் பங்கைக் கழித்து விடை எடுத்திருந்தாள். கேள்வியில் 'நிலம்' என்றுதான் இருந்தது. சமதரை என்று யாரும் சொல்லவில்லை. நிலம் என்றால் சரிவு என்பது எங்கள் பிள்ளைகளுக்கு நடக்கப் பழகும்போதே காலில் ஏறுகிற அறிவு. எங்கள் வீட்டில் அரிசி மூட்டைக்கு முட்டுக் கொடுத்திருக்கும், கட்டிலின் ஒரு பக்கத்துக் காலுக்குச் செங்கல் வைத்திருக்கும். இந்தப் பிழையை விட வேறு இயல்பான பிழை எங்களுக்கு வராது. பிழை என்று அவள் ஒத்துக்கொள்ளாததுதான் பிரச்சினை.

சாரிடம் தாளை நீட்டினாள். புள்ளி போடச் சொல்லிக் கெஞ்சப் போகிறாள் என்று நினைத்தேன். கெஞ்சுவதற்கு வசதியாக என் முகத்தையும் பாவமாக வைத்துக்கொண்டேன்.

"என்ன பிள்ளை இது, நீர் கீறின படத்தில நிலம் சரிஞ்செல்லோ கிடக்கு?"

"நிலம் அப்படித்தானுங்க சார் இருக்கு."

"கணக்கில நிலம் எண்டா சமதரை. அது எல்லாருக்கும் தெரிஞ்ச விசயம்."

"எனக்குத் தெரியலைங்க சார். இந்தத் தோட்டத்துல இருபது மீற்றர் சமதரை எங்க இருக்குன்னு காட்டுங்க. காட்டினா இந்தப் பேப்பர நானே கிழிச்சிடுறேன்."

 நான் பெஞ்சின் அடியில் எதையோ தேடுவதுபோல் குனிந்துகொண்டேன். சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, "சரி, வாங்கோ பாப்பம்" என்றார். வகுப்பே வெளியே இறங்கியது.

முதலில் பள்ளி விளையாட்டு மைதானம். அதை அளக்கவே வேண்டியிருக்கவில்லை. எங்கள் வொலிபோல் பந்து சும்மா வைத்தாலே உருண்டு தேயிலைக்குள் போய்விடும். சாய்தளத்தில் பொருள் உருளும் என்ற பௌதிகப் பாடத்தை எங்களுக்கு நடத்தியதே அந்தப் பந்துதான். சாரே அதைப் பார்த்து, "இது வேண்டாம்" என்றார். அடுத்தது பெரட்டுக்களம், காலையில் வேலைக்காரர்களை நிற்கவைத்துப் பேர் கூப்பிடுகிற இடம். பார்வைக்குப் பலகைபோல் இருக்கும். சார் முகத்தில் வெளிச்சம் வந்தது. தங்கச்சி ஒரு பலகையைத் தரையில் கிடத்தி, நூல் கட்டிய பாகைமானியை என் கையில் கொடுத்தாள். "அண்ணே, இதத் தலைகீழாப் பலகையில நிறுத்திப் புடி. நூல் தொண்ணூற விட்டு எத்தன பாகை தள்ளி விழுதுன்னு நான் பாக்குறேன்." பத்து முழத்துக்கு அப்பால் வேலையாட்களை மேய்க்கிற கங்காணி ஒருவர் கையைக் கட்டிக்கொண்டு எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். என் கை ஆடியது. கை ஆட, நட்டு ஆடியது. முதல் தடவை நான்கு பாகை, பிறகு ஐந்து, பிறகு மூன்று. கங்காணி செருமினார், எனக்கு விக்கல் எடுத்தது, பதினொன்று. பிறகு மறுபடி நான்கு.

"பாத்தீரே, ஒண்டுக்கொண்டு ஒத்துவரேல்ல" என்றார் சார்.

"பதினொண்ணு அண்ணனோட விக்கலுங்க சார். அதத் தள்ளிட்டு மத்த நாலையும் கூட்டி நாலால பிரிச்சு இடை எடுத்தா நாலு பாகை. மழைத்தண்ணி ஓடுறதுக்குன்னு சரிச்சு வெட்டியிருக்காங்க."

என் பயம் புள்ளிவிபரவியலுக்குள் நுழைந்து, விலக்கப்பட்ட தரவாக வெளியே வந்த நாள் அது.

சார் சுற்றிலும் பார்த்தார். மேலே மலை, கீழே மலை. பிறகு, "பங்களாவில டெனிஸ் கோர்ட் இருக்குதானே, அது சமதரை" என்றார்.

"இருக்குங்க சார். சார் உள்ள போயிருக்கீங்களா?"

 தோட்டத்தை ஆளுகிற துரையின் பங்களா கேற்றுக்கு அப்பால் அவரும் போனதில்லை.

"அப்ப அந்தக் கேள்வி துரை மகனுக்குங்க சார். நான் எங்க தரையில நின்னு போட்டேன்."

பிள்ளைகள் சிரித்தார்கள். கங்காணி சிரிக்கவில்லை. நான் அந்தச் சரிவில் உருண்டு தேயிலைக்குள் போய்விடலாமா என்று யோசித்தேன். நான்கு பாகை போதாது. சார் தாளை விரித்து, ஒவ்வொரு படியாக விரல் வைத்துச் சரிபார்த்தார். கடைசியில், "போட்ட கணக்குச் சரி பிள்ளை. ஆனா புத்தகத்து விடை இருபது, நான் அதுக்குத்தான் புள்ளி போட ஏலும். ஒண்டு செய்வம். இப்ப இந்த இடத்தில இருபது எண்டு எழுதித் தாரும், முழுப்புள்ளி போடுறன்" என்றார். அவரால் முடிந்த உச்சக் கருணை அது. பேனாவையும் நீட்டினார். எனக்கு உயிர் வந்தது. ஒரே ஓர் எண். எழுதினால் பதுளை, சனிக்கிழமை வகுப்பு, கதவு. "எழுதித் தொலைடி, உனக்குப் புண்ணியமாப் போகும்" என்று அவள் காதில் கிசுகிசுத்தேன். பயத்தில் என் கிசுகிசு கங்காணிக்கே கேட்டிருக்கும்.

"இருபதுன்னு எழுதினா கம்பம் வளந்துடுமா அண்ணே?" என்றாள் தங்கச்சி. சாரைப் பார்த்து, "வேணாங்க சார்" என்று சொல்லிப் பேனாவைத் திருப்பிக் கொடுத்தாள். லயத்துக்குத் திரும்பும் வழியில் அவள் அழுதாள். அதையும் எழுதத்தான் வேண்டும். ஆனால் முகத்தைக் கழுவிக்கொண்ட பிறகும் பதினாறு தசம் இரண்டு பதினாறு தசம் இரண்டாகவே இருந்தது.

இடம் கிளாக்கர் மகனுக்குப் போனது. நல்ல பையன்தான். ஆனால் சனிக்கிழமை வகுப்பில் கொடுக்கிற வீட்டுக்கணக்கு அவன் தலைக்கு மேல் போனது. ஆகவே திங்கட்கிழமை காலையில் அந்தக் கொப்பியோடு பீலிக்கரைக்கு வந்து நின்றான். தங்கச்சி அவனுக்கும் அதே விதியைத்தான் போட்டாள். அவன் பதுளையில் எழுதிக்கொண்டு வந்த பாடக் குறிப்பை வாங்கிப் படித்துவிட்டுத்தான் கணக்குப் போட்டுக் காட்டுவாள். இப்படியாக, அவளை உள்ளே எடுக்காத வகுப்பு வாராவாரம் கிளாக்கர் வீட்டிலிருந்து இரண்டு மைல் நடந்து அவளிடமே வந்தது. அடுத்த தவணைப் பரீட்சைத் தாளைச் சார் கையால் எழுதி ரோனியோ மிஷினில் பிரதி எடுத்துக் கொண்டுவந்தார். ஒவ்வொரு கேள்வியிலும், 'கிடையான சமதரையில்' என்று சேர்த்திருந்தார். நிலமே வராத வட்டக் கணக்கில்கூட அது இருந்தது. தாளைக் கொடுக்கும்போது அவர் தங்கச்சியைப் பார்க்கவில்லை. தங்கச்சி தாளைப் பார்த்துச் சிரித்தாள். பதினோராம் வகுப்பு முடிவில் எழுதுகிற சாதாரண தரப் பரீட்சையிலும் அதே மாதிரிக் கேள்வி வந்தது. வெளியே வந்ததும், "தரைய எப்படிடி வரைஞ்ச?" என்று கேட்டேன். "சமதரைன்னு போட்டிருந்தாங்க, சமதரையா வரைஞ்சேன். நான் என்ன பைத்தியமா?" என்றாள்.

அந்தப் பெறுபேற்றோடு பதுளைக்குப் போய் உயர்தரத்தில் கணிதம் படித்தாள். இன்று அவள் வேலை, சரிவுகளை அளப்பது. மழைக்காலத்தில் கொஸ்லந்தைப் பக்கம், மடுல்சீமைப் பக்கம் என்று லயங்களுக்குப் பின்னாலுள்ள மண்மேடுகளை அளந்து, எந்த லயத்தில் ஆட்கள் இருக்கலாம், எதில் இருக்கக் கூடாது என்று எழுதிக் கொடுக்கிறாள். வரைபடத்தில் சமதரை என்றுதானே இருக்கிறது என்று எதிர்த்துப் பேசுகிற பெரியவர்கள் இப்போதும் உண்டு. அவர்களிடம் அவள் பலகையைக் கிடத்தி அளந்து காட்டுகிறாள்.

போன வாரம் என் வகுப்பில் அதே கம்பக் கணக்கு வந்தது. பயிற்சிப் புத்தகத்தில் 'நிலம்' என்று மட்டும்தான் போட்டிருந்தார்கள். ஒரு பிள்ளை நிலத்தைச் சரித்து வரைந்திருந்தது. என் கையில் விடைப் புத்தகம், அதில் இருபது. மாத்திரை வேலை செய்வதை நிறுத்தியது. வராந்தாவுக்கு ஓடித் தங்கச்சிக்கு போன் போட்டேன்.

"அந்தப் புள்ள சரிவ அளந்துச்சா?"

"இல்ல. சும்மா வரைஞ்சிருக்கு."

"அப்பப் பிழைதான். அளக்கச் சொல்லு. நூல் இன்னும் இருக்கில்ல?"

இழுப்பறையைத் திறந்து பாகைமானியை எடுத்துக்கொண்டு வகுப்பை வெளியே இறக்கினேன். ஜன்னலிலிருந்து அதிபர், "தமிழ்ப் பாடமா சார்?" என்று கேட்டார். "நீங்க குடுத்த கணக்குப் பாடந்தான் சார்" என்றேன். பலகையை வைத்து அளந்தோம், இடை எடுத்தோம், அந்தப் பிள்ளை மண்ணின் பங்கைக் கழித்து விடையைக் கண்டுபிடித்தது. முழுப்புள்ளி போட்டேன். பிறகு விடைப் புத்தகத்தைத் திறந்து, இருபது என்று அச்சாகியிருந்ததற்குப் பக்கத்தில், 'யாருடைய தரையில்?' என்று சிவப்பு மையால் எழுதினேன். அதிபர் இன்னும் ஜன்னலிலேயே நின்றார். கை நடுங்கவில்லை என்று எழுத ஆசைதான். நடுங்கியது. அதை என் விக்கலோடு சேர்த்துத் தள்ளிவிடுங்கள், மிச்சம் சரியாக வரும்.