அக்காவின் தோசையும் என் பாவாடைக் கொக்கியும்

அக்காவுக்கு என்மேல் கொள்ளைப் பாசம் என்று தெருவெல்லாம் சொல்லித் திரிந்தேன். அம்மா அடுப்படிக்குத் திரும்புகிற நேரம் பார்த்து, அக்கா தட்டிலிருந்த தோசை என் தட்டுக்கு வந்துவிடும். வஞ்சிர வறுவல்கூட வந்தது. எனக்கு ஏழு வயது. காரணம் கேட்கும் அளவுக்கு நான் முட்டாள் இல்லை.

திருவந்திபுரத்தில் மாமாவுக்குக் கல்யாணம். புது ஜாக்கெட் தைக்க, அளவுக்குப் பழைய ஜாக்கெட் ஒன்றை டெய்லரிடம் கொடுப்பது எங்கள் வீட்டு வழக்கம். அக்கா வேண்டுமென்றே, தனக்கு எப்போதோ சிறுத்துப்போன ஜாக்கெட்டைக் கொடுத்துவிட்டு வந்திருந்தாள். கல்யாணத்துக்குள் அந்த அளவுக்கு இளைத்துவிடுவது என்று முடிவு.

சிதம்பரத்தில் சைக்காலஜி படித்துக்கொண்டிருந்த சித்தி ஒரு சனிக்கிழமை கடலூர் வந்தாள். கையில் ஒரு தாள். அதில் ஒல்லியிலிருந்து குண்டு வரை பெண் உருவங்கள் வரிசையாக நின்றன. நீ எது, எதுவாக ஆசை என்று தொட்டுக் காட்ட வேண்டும். அவரவர் உடம்பைப் பற்றி அவரவருக்கு எவ்வளவு கவலை என்று அளக்கிற படிப்பாம். அக்கா தன்னைக் கடைசிக் குண்டுப் பெண்ணாகக் காட்டினாள். ஆசைக்கு முதல் குச்சிப் பெண்ணைத் தொட்டாள். எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

“பொய் சொல்றா, சித்தி! அக்கா இதோ, இந்த ரெண்டாவது ஆளு. குண்டு நாந்தான். பாவாடைக் கொக்கியே மாட்ட மாட்டேங்குது, பாரு!”

“அப்படி என்னாடி துன்ற?” சித்தியும் சிரித்தாள்.

“அக்காவுதும் சேத்துத்தான். அவதான் துன்றதே இல்லியே!”

சித்தியின் சிரிப்பு நின்றுவிட்டது. அக்கா என் தொடையில் கிள்ளினாள். சித்தி தாளை மடித்து வைத்துவிட்டு அக்காவை மட்டும் கடற்கரைக்குக் கூட்டிப்போனாள். எனக்கு மகா கோபம். திரும்பி வந்தபோது அக்காவின் கண் சிவந்திருந்தது. அடுத்தடுத்த சனிக்கிழமைகளிலும் போனார்கள். நடுவே சித்தி அம்மாவிடம் என்னவோ பேசினாள், டெய்லரிடம் வேறு அளவு ஜாக்கெட் போய்ச் சேர்ந்தது.

கல்யாணப் பந்தியில் அக்காவுக்குப் பக்கத்து இலையைப் பிடித்துக்கொண்டேன். அவளுக்கு விழுந்த ஜாங்கிரி என் பக்கம் வரும் என்று காத்திருந்தேன். அவளே தின்றாள். பாயசத்தை மறுபடி கேட்டு வாங்கி, விரலையும் நக்கினாள். நான் ஓவென்று அழுதேன்.

“அக்காவுக்கு என்மேல பாசமே போயிடுச்சு!”

பந்தியே சிரித்தது. அம்மா என்னைத் தூக்க முடியாமல் தூக்கி, மாறி மாறி முத்தம் கொடுத்தாள். அழுகிற பிள்ளையைப் பார்த்து ஒரு அம்மாவுக்கு இவ்வளவு சந்தோஷம் எங்கிருந்து வருகிறது என்று எனக்குப் புரியவே இல்லை.