உஸ்தா பயூமி வீட்டு மண்ணுளி

எகிப்தின் இஸ்மாயிலியாவில் ஃப்ரிட்ஜ் பழுதுபார்க்கிற, தொழில் தேர்ந்தவர் என்பதால் ஊரே உஸ்தா என்று கூப்பிடுகிற பயூமியின் கடைக்கு முப்பத்தோரு வருஷமாக வந்தவை எல்லாம் ஓடாத சாமான்கள்தான். நன்றாக ஓடுகிற ஃப்ரிட்ஜை யாரும் வண்டி பிடித்துத் தூக்கிக்கொண்டு வருவதில்லை. கொண்டுவருகிறவர்களின் முகமும் அதற்கேற்ப இருக்கும். பால் திரிந்ததற்கும் கறி நாறியதற்கும் அவர்தான் காரணம் என்கிற மாதிரி பேசுவார்கள். பயூமி தலையை ஆட்டிக் கேட்டுக்கொள்வார். பிறகு ஃப்ரிட்ஜைத் திருப்பி வைத்துப் பின்பக்கத் தகட்டைக் கழற்றுவார். வாயிலிருந்து வார்த்தை வருவது அபூர்வம். அவருடைய மனைவி இன்ஸாஃபுக்குச் சண்டை போட வேண்டும் என்று தோன்றினால், இரண்டு பேருக்கும் சேர்த்து அவளேதான் பேச வேண்டும்.

ஏப்ரல் கடைசியில், சூயஸ் கால்வாய்க்கு அந்தப் பக்கத்து மாந்தோப்பு ஒன்றிலிருந்து ஒரு ஃப்ரிட்ஜ் வந்தது. பின்னால் சரசரவென்று சத்தம் வருகிறது என்பது புகார். தகட்டைக் கழற்றினால், கம்ப்ரஸரைச் சுற்றிக்கொண்டு ஒரு பாம்பு படுத்திருந்தது. ஒரு முழத்துக்குக் கொஞ்சம் கூடுதல் நீளம், கைத்தடி கனம், ஆரஞ்சு உடம்பில் காப்பி நிறத் திட்டுகள், கண் இரண்டும் தலையின் உச்சியில். மண்ணுளி. அந்த ஊரில் தஸ்ஸாஸ் என்பார்கள், பதுங்குகிறவன் என்று அர்த்தம். விஷமில்லாதது என்று பயூமிக்குத் தெரியும். பட்டாளத்தில் இருந்த காலத்தில் சினாய் மணலில் இந்த ஜாதியோடு ஒரே கூடாரத்தில் படுத்தவர் அவர்.

ஃப்ரிட்ஜில் வேறு பழுது எதுவும் இல்லை. தோப்புக்காரரிடம் போனில் சொன்னார்.

"அடிச்சுப் போட்டுட்டு ஃப்ரிட்ஜை அனுப்பு" என்றார் தோப்புக்காரர்.

பயூமி ஃப்ரிட்ஜை மட்டும் அனுப்பினார். ஏன் அடிக்கவில்லை என்று பின்னால் பலர் கேட்டார்கள். கடைக்குள் வந்து எந்தப் புகாரும் சொல்லாத முதல் ஜீவன் அது என்பதைத் தவிர அவரிடம் வேறு காரணம் இருந்ததாகத் தெரியவில்லை. மூடி போட்ட வாளியில் வைத்து வீட்டுக்குக் கொண்டுபோனார்.

"வாளியில என்ன?" என்றாள் இன்ஸாஃப்.

"பாம்பு."

"செத்ததா?"

"இல்லை."

"எத்தனை நாளைக்கு?"

"முதல்ல ஒரு பெட்டி செய்யணும்" என்றார் பயூமி.

இன்ஸாஃப் பயப்படுகிறவள் இல்லை. அரசாங்க ஆஸ்பத்திரியின் பிரசவ வார்டில் இருபத்திரண்டு வருஷம் நர்ஸாக இருந்தவள், பாம்பைவிட மோசமான மாமியார்களைப் பார்த்திருக்கிறாள். ஆனால் எல்லாவற்றுக்கும் ஒரு முறை உண்டு என்பது அவள் கட்சி. வீட்டுக்குள் பாம்பு வந்தால் ரிஃபாயிகளைக் கூப்பிட வேண்டும். அவர்கள் வந்து, ஓத வேண்டியதை ஓதி, பாம்பைப் பிடித்துக்கொண்டு போவார்கள். புருஷனே கொண்டுவந்த பாம்புக்கும் அதே முறைதான் என்று முடிவு செய்து, துல்பா என்கிற ரிஃபாயிக்குப் போன் போட்டாள். அவர் வெள்ளிக்கிழமை வருவதாகச் சொன்னார்.

அதற்குள் பயூமி பெட்டியை முடித்துவிட்டார். கண்ணாடிக் கதவு வைத்த பழைய சோடா ஃப்ரிட்ஜ் ஒன்றை மல்லாக்கப் படுக்க வைத்தார். மெஷினைக் கழற்றி எறிந்தார். பக்கங்களில் துளை போட்டு, காற்றுக்குக் கம்பி வலை அடித்தார். அடியில், ஃப்ரீஸரில் ஐஸ் உருகுவதற்காக வைக்கிற சூட்டுக் கம்பியை நெடுக ஓட்டி, மேலே ஒரு சாண் உயரத்துக்கு மணல் கொட்டினார். தெர்மோஸ்டாட்டை முப்பத்துமூன்று டிகிரியில் நிறுத்தினார். கல்யாணமாகிக் குவைத்துக்குப் போன மகள் நஹ்லாவின் அறை காலியாகக் கிடந்தது. அங்கே வைத்தார். வாழ்நாள் முழுக்கக் குளிரவைத்தே பிழைத்த மனிதர் சூடாக்குவதற்காகச் செய்த முதல் சாமான் அது. மூன்று நாள் அதைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

துல்பாவுக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். மோட்டார் சைக்கிளில், துணிப்பையும் பிரம்புமாக வந்தார்.

"பாம்பு எங்கே, ஹாஜ்ஜா?"

"நான் இன்னும் ஹஜ்ஜுக்குப் போகலை. அந்த ரூம்ல இருக்கு."

உள்ளே போன துல்பா பெட்டியைப் பார்த்தார், பூட்டைப் பார்த்தார். பிரம்பைச் சுவரில் சாய்த்து வைத்தார்.

"ஹாஜ்ஜா, ஒளிஞ்சிருக்கிற பாம்பை வெளியே கூப்பிடறது என் தொழில். இதை நீங்களே உள்ள வெச்சுப் பூட்டியிருக்கீங்க. நான் என்ன சொல்லிக் கூப்பிடறது?"

"நான் பூட்டலை. அவர் பூட்டினார்."

துல்பா கண்ணாடியைத் திறந்து மணலுக்குள் கையை விட்டார். விட்ட வேகத்தில் எடுத்தார்.

"உஸ்தா, அடியிலயா சூடு வெச்சிருக்கீங்க?"

"ஆமா. முப்பத்துமூணு. மணல் மேல எந்த மூலையில வெச்சுப் பார்த்தாலும் அரை டிகிரி வித்தியாசம் வராது" என்றார் பயூமி. அந்த வாரத்திலேயே அவர் பேசிய நீளமான வாக்கியம் அதுதான்.

"பாலுக்கு அது சரி. இதுக்குச் சொந்தமா சூடு கிடையாது. குளிர்ந்தா வெயிலுக்குப் போகும், சுட்டா நிழலுக்குப் போகும். போக்குவரத்துதான் அதோட பிழைப்பு. நீங்க போறதுக்கு இடமே வைக்கலை. அதுவும் போகட்டும். பாலைவனத்துல எங்க சூடு? மேல. சுட்டா என்ன செய்யும்? கீழ தோண்டும். இங்க தோண்டத் தோண்டக் கொதிக்குது. பாலைவனத்தையே தலைகீழா வெச்சிருக்கீங்க."

பயூமி ப்ளக்கைப் பிடுங்கிவிட்டு ஸ்க்ரூ டிரைவரை எடுத்து வந்தார்.

இரண்டு பேருமாக மத்தியானம் முழுக்க அதைப் பிரித்துக் கட்டினார்கள். பாம்பு வாளியில் காத்திருந்தது. சூட்டுக் கம்பி அடியிலிருந்து வெளியே வந்தது. ஒரு கோடியில் மட்டும் மேலிருந்து சூட்டு விளக்கு தொங்கியது. பாம்பு அதைத் தொட்டுச் சுட்டுக்கொள்ளாமல் இருக்க ஒரு கம்பிக் கூண்டு. அந்தக் கோடியில் முப்பத்துமூன்று, எதிர்க்கோடியில் இருபத்தைந்து. தட்டையான மண்ஓடுகள் இரண்டு, ஒன்று சூட்டுப் பக்கம் ஒளிய, ஒன்று குளிர்ந்த பக்கம் ஒளிய. கவிழாத கனத்தில் ஒரு சின்னத் தண்ணீர்க் கிண்ணம். இன்ஸாஃப் வேறு வழியில்லாமல் டீ போட்டாள். பிறகு வேறு வழியில்லாமல் மூன்று பேருக்கும் சோறு ஆக்கினாள். துல்பா கிளம்பும்போது, "ஒரு வாரம் தொடாதீங்க, இரையும் வைக்காதீங்க. இடம் பழகட்டும்" என்றார்.

"நான் உங்களைக் கூப்பிட்டது இதுக்கா?" என்றாள் இன்ஸாஃப்.

"இல்லை, ஹாஜ்ஜா" என்று ஒப்புக்கொண்டார் துல்பா.

பயூமி பாம்புக்கு மப்ரூக் என்று பெயர் வைத்தார். மருத்துவக் கல்லூரிக்கு வெள்ளெலி வளர்த்துக் கொடுக்கிற ஒருவரிடமிருந்து செத்து உறைந்த எலிகள் ஒரு பெட்டி வாங்கி வந்தார். கடையில் பதினோரு ஃப்ரீஸர் இருந்தது, ஒன்றும் ஓடாது. அதனால் எலிகள் இன்ஸாஃபின் ஃப்ரீஸருக்குள், முலூக்கியாக் கீரைக்கும் வெண்டைக்காய்க்கும் நடுவில் போயின. அவள் பெட்டிமேல் 'பயூமி' என்று எழுதி ஒட்டினாள்.

மே மாதம் மப்ரூக் இரண்டு எலி தின்றது. ஜூனில் நிறுத்திவிட்டது. பயூமி எலியை வெந்நீரில் இளக்கிக் கிடுக்கியில் பிடித்து மூக்குக்கு முன்னால் ஆட்டுவார். மப்ரூக் தலையை மண்ணுக்குள் இழுத்துக்கொள்ளும். பெட்டியில்தான் கோளாறு என்று நினைத்து மணலை மாற்றினார், ஓடுகளை மாற்றினார், சூட்டை ஒரு டிகிரி ஏற்றினார், இறக்கினார். அது விளக்குக்கு அடியிலேயே கிடந்தது. எதிர்க்கோடிப் பக்கம் போவதே இல்லை. வாரம் ஒருமுறை, கேஸ் நிரப்பும்போது சிலிண்டரை நிறுக்கிற தராசில் வைத்து நிறுத்தார்.

"ஆறு வாரமா ஒண்ணும் தின்னலை. எடை குறையலை" என்றார்.

"எனக்கும் அப்படித்தான்" என்றாள் இன்ஸாஃப்.

ஆனால் மனிதர் முகம் வாடிக்கொண்டு வந்தது. கடையில் ஒருநாள் குளிர்ப்பெட்டிக்குப் போட வேண்டிய தெர்மோஸ்டாட்டை மாற்றிப் போட்டு, ஒரு கசாப்புக்கடைக்காரரின் கறியை வேகாத குறையாக வெதுப்பிவிட்டார். அவர் சொன்ன வசவுகளைக் கேட்டுக்கொண்டு, வீட்டுக்கு வந்து பெட்டிக்கு முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். இன்ஸாஃப் வாசலில் நின்று பார்த்தாள். பிறகு இன்னொரு நாற்காலி கொண்டுவந்து போட்டாள்.

ஆகஸ்ட் பதினெட்டாம் தேதி காலையில் தரையைப் பெருக்க அந்த அறைக்குள் போனவள், துடைப்பத்தைப் பிடித்தபடியே நின்றுவிட்டாள். விளக்குக்கு அடியில் மணல் நெளிந்துகொண்டிருந்தது. விரல் கனத்தில், ஆரஞ்சு நிறத்தில், ஒன்று, இரண்டு, ஐந்து. மண்ணுளி முட்டையிடாது, குட்டி போடும். அது அன்றைக்குத்தான் அந்த வீட்டுக்குத் தெரிந்தது.

"உஸ்தா" என்று கூப்பிட்டாள். "மப்ரூக் ஆம்பிளை இல்லை."

மத்தியானத்துக்குள் பதினாலு. பயூமி எண்ணிவிட்டு மறுபடி எண்ணினார். இன்ஸாஃபுக்கு வந்தது கோபம். "சூடான இடத்தையே தேடிப் படுக்குது, சோறு இறங்கலை, வயிறு பெருக்குது. இருபத்திரண்டு வருஷம் வார்டுல நின்னிருக்கேன். எனக்குத் தெரியலையே" என்று தன்னையே திட்டிக்கொண்டாள். சாயந்திரம் போனில் துல்பா சொன்னபடி, குட்டிகளைத் தனியே பிரித்து, ஈரத்துணியும் மணலும் போட்ட டப்பாக்களில் வைத்தார்கள். மப்ரூக் அன்று முதல் மப்ரூக்கா ஆனாள்.

ஏழாம் நாள் இன்ஸாஃப் கடலையும் மிட்டாயும் சேர்த்துச் சின்னப் பைகளில் கட்டி, மாடிப்படி நெடுக எட்டு வீட்டுக்கும் கொடுத்தாள். பிள்ளை பிறந்த வீட்டில் ஏழாம் நாள் எல்லாரும் செய்வதுதான்.

"யாருக்குப் பிரசவம்? நஹ்லாவுக்கா?" என்றாள் எதிர்வீட்டுக்காரி.

"இல்லை. இங்கயே நம்ம வீட்டுல இருக்கிறவளுக்கு" என்று சொல்லிவிட்டு இன்ஸாஃப் அடுத்த படி ஏறினாள். அடுப்பில் சோறு இருந்தது, விளக்கிச் சொல்ல நேரமில்லை.

இரண்டு நாள் கழித்து, ஸகாஸீக்கிலிருந்து இன்ஸாஃபின் அண்ணன் ராகிப் நல்ல சட்டை போட்டுக்கொண்டு வந்தார். இன்ஸாஃப் கடைத்தெருவுக்குப் போயிருந்தாள். ராகிப் உட்காரவில்லை.

"அவளை எங்க வெச்சிருக்க, பயூமி?"

"நஹ்லா ரூம்ல."

"என் தங்கச்சி இருக்கிற வீட்டுலயேவா?"

"முதல்ல கோவிச்சுக்கிட்டா. இப்போ ரெண்டு பேரும் பழகிட்டாங்க."

ராகிப் தாடையைத் தடவினார். "எப்போ கூட்டிட்டு வந்த?"

"ஏப்ரல்ல."

"பிள்ளை பிறந்தது?"

"போன வாரம்."

ராகிப் விரல் விட்டு மாதத்தை எண்ணினார். எண்ண எண்ண முகம் இன்னும் இருண்டது. "ஒரு பிள்ளைதானே?"

"பதினாலு."

ராகிப் உட்கார்ந்தார். அந்த நேரம் பார்த்து இன்ஸாஃப் தக்காளிப் பையோடு உள்ளே வந்தாள். அண்ணன் முகத்தையும் சட்டையையும் பார்த்த உடனே எதிர்வீட்டுக்காரியின் வேலை என்று புரிந்துகொண்டாள். அவரைக் கையைப் பிடித்துக் கூட்டிப்போய்ப் பெட்டியைக் காட்டினாள். ராகிப் மப்ரூக்காவை வெகுநேரம் பார்த்தார். ஒரு வேளைச் சாப்பாடு வரைக்கும் இருந்தார், ஆனால் ஃப்ரீஸரிலிருந்து எடுத்த எதையும் தொட மாட்டேன் என்றார். அவர் இரண்டாவதாக ஒருத்தியைக் கட்டிவிட்டார் என்று நினைத்துத்தான் அண்ணன் வந்தார் என்பதை இன்ஸாஃப் மறுநாள்தான் பயூமிக்குச் சொன்னாள். அவர் கேட்டுவிட்டு, "எனக்கா?" என்றார்.

செப்டம்பரில் ஒரு வெள்ளிக்கிழமைக் காலையில் துல்பா வந்தார். பதினாலு குட்டிகளையும் துணிப்பையில் போட்டுக்கொண்டு, பயூமியைப் பின்னால் ஏற்றிக்கொண்டு கால்வாயைக் கடந்து, மண்வெட்டியோடு யாரும் வராத தூரத்துக்கு, தோப்புகளெல்லாம் முடிந்த பிறகும் வெகுதூரம் போனார். ஒரு புதருக்கு அடியில் ஒவ்வொன்றாக விட்டார்கள். விட்டதும் தலை மண்ணுக்குள் போகும், பிறகு வால். அவ்வளவுதான்.

"தாயையும் கொண்டுவந்திருக்கலாம்" என்றார் துல்பா.

"யோசிச்சேன்" என்றார் பயூமி. கொஞ்ச தூரம் நடந்த பிறகு, "இன்ஸாஃப் விடலை. பிள்ளை பெத்தவளை நாற்பது நாள் வெளியே அனுப்பக் கூடாதாம்" என்றார். நாற்பது நாள் கழித்து என்ன என்று துல்பா கேட்கவில்லை.

பயூமி வீட்டுக்கு வந்து கைகால் கழுவிவிட்டு, ஒரு எலியை இளக்கிக் கிடுக்கியில் பிடித்து நீட்டினார். மப்ரூக்கா விளக்கைவிட்டு நகர்ந்து எதிர்க்கோடி ஓட்டுக்கு அடியில் படுத்திருந்தாள். ஜூனுக்குப் பிறகு அந்தப் பக்கம் போனது இதுதான் முதல் தடவை. மணலுக்கு மேல் கண் இரண்டு மட்டும் தெரிந்தது. பிறகு ஒரே வீச்சு. எலி கிடுக்கியில் இல்லை.

பயூமி சமையலறை வாசலுக்குப் போனார்.

"தின்னுட்டா."

இன்ஸாஃப் முலூக்கியாக் கீரையைக் காம்பிலிருந்து உருவிக்கொண்டிருந்தாள். "பசிக்காதா பின்னே" என்று சொல்லிவிட்டு, கீரைக்கட்டில் பாதியை எடுத்து அவர் பக்கம் தள்ளினாள். பயூமி உட்கார்ந்து உருவத் தொடங்கினார்.