மெட்டுக்காரர் பிறந்த வீடு

பெரியம்மா ஒன்றை நினைத்துவிட்டால், தங்கையான என் அம்மா வாய் திறக்காமல் தேத்தண்ணீர் ஊற்றப் போய்விடுவார். அந்த வருடம் பெரியம்மா நினைத்தது ஒரு சிலையை.

சிலை அவருடைய அம்மம்மாவின் தமையனுக்கு. நாட்டுக்கூத்துகளுக்கு மெட்டுக் கட்டிப் பெயர் வாங்கிய மனிதர். பிறந்த இடத்தில் சிலை வைப்பதென்று விழாக் குழு முடிவெடுத்தது. பிறந்த இடம் உரும்பிராய் என்றும் அதுவே முடிவெடுத்துவிட்டது. அவருடைய தகப்பனின் ஊர் அது. சந்தியில் வசதியாக இடமும் இருந்தது. எங்கள் கரையோர ஊரோ இன்னும் இராணுவத்தின் முள்வேலிக்குள் கிடந்தது. நாங்கள் தெல்லிப்பழையில் வாடகை வீட்டில் இருந்தோம்.

பெரியம்மா என்னையும் இழுத்துக்கொண்டு குழுத் தலைவரிடம் போனார். ஓய்வுபெற்ற அதிபர் அவர். மரியாதையாகக் கதிரையைக் காட்டினார். பெரியம்மா இருக்கவில்லை.

"சேர், நீங்கள் எந்த வீட்டிலை பிறந்தனீங்கள்?"

"அம்மாவின்ரை சீதன வீட்டிலைதான். ஏன்?"

"அப்ப அவர் மட்டும் என்னண்டு தகப்பன்ரை வீட்டிலை பிறப்பார்? அவரின்ரை தாய்க்குச் சீதனமாக் குடுத்ததுதான் எங்கடை ஊர் வீடு. சிலை அங்கைதான் வைக்கவேணும்."

அதிபர் தலையைச் சொறிந்தார். "அங்கை ஆர் பிள்ளை எங்களை விடுவினம்?"

"நீங்கள் கேளுங்கோ. இல்லாட்டி நான் கேக்கிறன்."

பிறகு, பாவம், அந்த மனிதருக்கு நிம்மதியே இல்லை. அனுமதி கேட்டு, அரசாங்கக் கந்தோர் கந்தோராக அவரை ஏற்றி இறக்கினார் பெரியம்மா. கடைசியில், அடிக்கல் நாட்ட மட்டும் ஒரு காலைப்பொழுது அனுமதி கிடைத்தது.

பஸ் பிடித்துப் போனோம். வீடு இருக்கவில்லை. பற்றைக்குள் அத்திவாரமும் உடைந்த சீமெந்துத் தரையும் மட்டும். ஒலிபெருக்கியில் மெட்டுக்காரரின் பாட்டுப் போனது, பெரியவர்கள் பேசினார்கள். பெரியம்மா எதையும் கேட்கவில்லை. காலால் பற்றையை விலக்கிக்கொண்டு போய், முன்பு ஓர் அறையாக இருந்த மூலையில் குந்திவிட்டார். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

"பெரியம்மா, கல்லு வைக்கப்போகினம், வாங்கோ."

"வைக்கட்டும்."

பஸ் ஹோர்ன் அடித்தது. "நான் வரேல்லை," என்றார். அம்மா கெஞ்சினார், அதிபர் கெஞ்சினார். இருவருமாகப் பிடித்துத் தூக்கித்தான் பஸ்ஸில் ஏற்றினார்கள். பெரியம்மா அழுது நான் கண்டது அன்றைக்குத்தான்.

கண்ணால் காணாத ஒரு மெட்டுக்காரர்மேல் இவருக்கு இவ்வளவு பாசமா என்று வீடு வரும்வரை வியந்துகொண்டிருந்தேன். அவர் பிறந்த அந்த அறையில்தான் பெரியம்மாவும் பிறந்தவர் என்பது எனக்கு அப்போது தெரியாது.