இரண்டு நாட்டு மாத்திரை

கிள்ளானில் என் பக்கத்து வீட்டுக் கமலநாதன், ஷா ஆலம் தொழிற்சாலைக்கு ஆள் ஏற்றும் பஸ் ஓட்டுகிறார். ஸ்டியரிங்கை விட்டு இறங்கினால் உலகத்துக்கே சுகாதார மந்திரி. லண்டனில் தம்பி முட்டி ஆபரேஷனுக்கு ஒரு வருஷமாகக் காத்திருக்கிறான், சென்னையில் ஒரே காலையில் எல்லா டெஸ்ட்டும் முடிந்துவிடும், நம்மூர் அரசாங்கக் கிளினிக்கில் கட்டணம் ஒரு வெள்ளிதான், ஆனால் பாதி நாள் பெஞ்சைத் தேய்க்கணும். கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துவிட்டது.

தைப்பூசம் முடிந்து ஒரு கல்யாணத்துக்காகச் சென்னை போனவர், அங்கேயும் சர்க்கரைக்கு டாக்டரைப் பார்த்து, பை நிறைய மாத்திரையோடு திரும்பினார்.

"வேகத்துக்கு அங்க, மலிவுக்கு இங்க. ரெண்டையும் சாப்பிட்டா நம்மள யாரு லா ஜெயிக்கிறது?"

மாதாமாதம் சர்க்கரை மாத்திரை வாங்கும் நம்மூர் கிளினிக்கில் இதைப் பற்றி மூச்சுவிடவில்லை. சொன்னால் இங்கே கொடுப்பதை நிறுத்திவிடுவார்களாம். அவர் மனைவி லோகேஸ்வரி தினமும் காலையில் இரண்டு நாட்டு மாத்திரையையும் எடுத்து அவர் உள்ளங்கையில் வைப்பாள். பெயர் வேறு, நிறம் வேறு, அவளுக்கு என்ன தெரியும்? எனக்கும்தான் தெரியவில்லை.

ஒரு சனிக்கிழமை, "அக்கா, ஓடி வாங்க!" என்று லோகேஸ்வரி அலறினாள். மாத்திரை போட்டுவிட்டுப் பசியாறாமல் பஸ் கழுவப் போனவர், சட்டையெல்லாம் வியர்வையில் நனைந்து பஸ் படியில் சாய்ந்து கிடந்தார். பேச்சு குழறியது. என் காரில் அள்ளிப் போட்டுக்கொண்டு பெரியாஸ்பத்திரிக்கு ஓட்டினேன். வழியெல்லாம் லோகேஸ்வரி, "எத்தன மணி நேரம் உக்கார வைப்பாங்களோ" என்று புலம்பினாள்.

உட்கார வைக்கவில்லை. வாசலிலேயே விரலைக் குத்திப் பார்த்த நர்ஸ் உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தாள். கட்டில் உருண்டு வந்தது. அவரை ஏற்றிக்கொண்டு போய்க் கதவைச் சாத்திவிட்டார்கள். எங்களுக்கு நம்பர்கூடக் கொடுக்கவில்லை. வரிசையில் இருந்தவர்கள் எங்களைப் பாவமாகப் பார்த்தார்கள்.

"ஏன்க்கா இவ்ளோ சீக்கிரம் எடுத்துட்டாங்க?"

சாகக் கிடப்பவர்களுக்குத்தான் இங்கே வரிசை கிடையாது. காத்திருக்கச் சொல்லியிருந்தால் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்திருப்பேன்.

ரொம்ப நேரம் கழித்து டாக்டர் வெளியே வந்து மாத்திரைகளைக் கேட்டார். லோகேஸ்வரி கையோடு கொண்டுவந்த பையைக் கொடுத்தாள். அட்டைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஆன்டி, ரெண்டும் ஒரே மருந்து. கம்பெனிதான் வேற. டபுள் டோஸ் போயிருக்கு, சர்க்கரை ஒரேயடியா இறங்கிருச்சு. யாரு எடுத்துக் குடுத்தது?"

லோகேஸ்வரி கையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டாள்.

சாயங்காலம் கமலநாதன் கண் விழித்தார். இன்னும் இரண்டு நாள் வைத்துப் பார்க்கணும் என்றார்கள். தமிழ் நர்ஸ் ஒருத்தி பிரஷர் மாத்திரையை லோகேஸ்வரியிடம் நீட்டி, அவருக்குக் கொடுக்கச் சொன்னாள். அவரும் பழக்கத்தில் உள்ளங்கையை விரித்தார்.

லோகேஸ்வரி சுவரோடு ஒட்டிக்கொண்டாள்.

"நீங்களே குடுங்க மிஸ்ஸி. என் கையால வேணாம்."