காய்ந்த குருத்துகள்

அன்புவழிபுரத்து ஜெஸ்மின், திருகோணமலை பஸ் நிலையத்துக்கு அருகே பதினொரு வருடங்களாகக் கரும்புச்சாறு பிழிந்து விற்பவர். கரும்பு கந்தளாய்ப் பக்கமிருந்து லொறியில் வரும். வராத நாளில் கடையும் இல்லை. அதனால் நாற்பத்தாறாவது வயதில், கிளிவெட்டியில் தமக்கிருந்த கால் ஏக்கரில் தாமே கரும்பு நட்டார்.

இரண்டு மாதமாகுமுன் நடுக்குருத்துகள் காயத் தொடங்கின. ஒன்றைப் பிடித்து இழுத்தார். சிரமமில்லாமல் கையோடு வந்தது. அடி அழுகி நாறியது. தண்டைப் பிளந்தால் உள்ளே ஊதா வரிகளுடன் ஒரு புழு.

பக்கத்து வயல்காரர் கனகசுந்தரம் வரம்பில் நின்று பார்த்தார்.

"நெல்லுக்கு வாங்கின மருந்து வீட்டிலை கிடக்கு. அடிச்சுவிடுங்கோ தங்கச்சி."

"ஏலாது அண்ணை. புழு தண்டுக்குள்ளை கிடக்கு, மருந்து வெளியிலைதானே படும்? அதோடை, நான் இதைப் பிழிஞ்சு சனத்துக்குக் குடிக்கக் குடுக்கிறனான்."

மறுநாள் ஜெஸ்மின் விவசாயப் போதனாசிரியை பஹ்மியாவை அழைத்துவந்து காட்டினார். காய்ந்த குருத்துகளை மண்ணுக்குக் கீழே வரை வெட்டியெடுத்துப் புழுவைக் கொல்ல வேண்டும். அடிக்கு மண் அணைக்க வேண்டும். நிலத்தைக் காயவிடக் கூடாது என்றார் பஹ்மியா.

"வெட்டினால் கரும்புப் பத்தை மொட்டையாகிப் போகுமே மிஸ்?"

"ஓம், போகும். அடியில இருந்து பக்கக்கன்று வரும். பொறுத்துப் பாருங்க."

கடையைக் கணவர் றிக்சனிடம் விட்டுவிட்டு, ஜெஸ்மின் மூன்று கிழமை தினமும் முதல் பஸ்ஸில் கிளிவெட்டிக்குப் போனார். வெட்டிய தண்டுகளை ஒவ்வொன்றாகப் பிளந்து, புழுக்களைச் சவர்க்காரத் தண்ணீர் வாளியில் போட்டார். ஐந்தாம் நாள் ஒரு வரிசை முழுவதும் காய்ந்து கிடந்தது. வரம்பில் குந்தியிருந்து சிறிது நேரம் அழுதார். பிறகு எழுந்து அந்த வரிசையையும் வெட்டினார்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்த றிக்சன் தோட்டத்தைப் பார்த்து, "இதுக்குப் பேசாமல் கச்சான் கடலை போட்டிருக்கலாம்" என்றார். ஜெஸ்மின் கத்தி ஒன்றை அவரிடம் நீட்டினார். அவரும் இறங்கி வெட்டினார்.

நான்காம் கிழமை கன்றுகள் வெடித்தன. எல்லாப் பத்தையிலும் அல்ல. மூன்றில் ஒரு பங்கு நிலம் அறுவடை வரை வெறுமையாகவே கிடந்தது. அறுவடையில் வெட்டிய கரும்புகளிலும் சிலவற்றில் துளை, உள்ளே சிவப்பு. அவற்றை மாடுகளுக்குப் போட்டார். மிச்சம் கடைக்கு வந்தது.

கரும்பின் காய்ந்த இலைச் சோகையை அவர் எரிக்கவில்லை. நிலம் காயாதிருக்க, அறுத்த கட்டைகளுக்கு நடுவே பரப்பிவிட்டார். அந்தக் கட்டைகளிலிருந்து மீண்டும் தழைத்த மறுதாம்பிலும் குருத்து காய்ந்தது, ஆனால் குறைவாக. அவற்றை ஒரே காலையில் வெட்டி முடித்து, மத்தியான பஸ்ஸில் கடைக்குத் திரும்பினார்.